கொழாயை வாங்காதே மருமகனே, கண்ணு வைக்கிற எடத்தை வாங்கு

மருமகனே, நீ பத்து இஞ்சு டெலஸ்கோப்பு வாங்கப் போறதா ஒங்கம்மா சொன்னா. ரொம்பச் சந்தோசம். பத்து என்ன பத்து, பதினாறு இஞ்சாவே வாங்கிப் போடு. வாங்கி முத்தத்துல நிறுத்தி, மேல ஒரு துண்டைப் போத்தி, பொங்கலுக்குப் பொங்கல் சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்பிடு. ஒனக்கு அதால ஆகப்போற காரியம் அம்புட்டுத்தான்.

கோவிச்சுக்காதே. லேத்துப் பட்டறையில இரும்பு கடைஞ்சே காலத்தை ஓட்டின கெழவனுக்கு வானத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீ கேப்பே. வானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா, அது ஒன் பாடு. எனக்கு அளவு தெரியும். ஒரு உருளை கடைஞ்சு குடுங்கன்னு எவன் வந்து நின்னாலும், 'எதுல மாட்டப் போறே?'ன்னுதான் மொதல்ல கேப்பேன். அதுக்குப் பதில் தெரியாதவன் வேலையை நான் கையில எடுக்கிறதில்ல. இப்ப ஒன்கிட்டயும் அதையே கேக்கேன். இந்த டெலஸ்கோப்பை நீ எதுல மாட்டப் போறே? ஒன் கண்ணுல. அந்தக் கண்ணு எங்க இருக்கு? சக்கர நாற்காலி மேல, ஒரே ஒசரத்துல, அசையாம இருக்கு. அப்போ கொழாய்தான கண்ணைத் தேடி வரணும்? கண்ணு கொழாயைத் தேடி ஏறி எறங்க முடியுமா?

ஒன் கேட்டலாக்கைப் புரட்டிப் பாத்தேன். கண்ணாடி அகலம் போட்டிருக்கான், கொழாய் நீளம் போட்டிருக்கான், எத்தனை மடங்கு காட்டும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கண்ணு வைக்கிற ஐபீஸ் தரையிலேருந்து எத்தனை அடி ஒசரத்துல வந்து நிக்கும்னு எவனாவது ஒருத்தன் போட்டிருக்கானா, காட்டு பாப்போம். போடமாட்டான். வாங்குறவன் எல்லாரும் ரெண்டு கால்ல நின்னு, இடுப்பை வளைச்சு, கழுத்தைத் திருகிச் சமாளிச்சுக்குவான்னு அவனுக்கு ஒரு நெனப்பு.

அதனால மொதல் வேலை, ஒன்னைய நீ அளந்துக்கோ. நாற்காலியைச் சொவத்தோரமாக் கொண்டு போய், பிரேக்கைப் போட்டுட்டு, எப்பவும் ஒக்காருத மாதிரி ஒக்காரு. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நிமிந்து ஒக்காந்தியே, அப்பிடி ஒக்காராதே. கண்ணு மட்டத்துக்கு சொவத்துல ஒரு பென்சில் கோடு. அநேகமா 110க்கும் 125 செ.மீ.க்கும் நடுவுல வரும். பெறகு, முதுகு நோகாம பத்து நிமிசம் இருக்கிற அளவுக்கு முன்னால சாஞ்சு, அங்க கண்ணு வர்ற எடத்துல இன்னொரு கோடு. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குதே ஒரு சாண், அரைச் சாண், அதுதான் ஒன் வானம். மிச்ச வானம் எல்லாம் கடைக்காரனோடது.

அதோட விட்டிராதே. கால் வைக்கிற பலகை முட்டிக்கு முன்னால எம்புட்டு நீட்டிக்கிட்டிருக்கு? மேசைக்கு அடியில முட்டி போகணும்னா எம்புட்டு ஒசரம் வேணும்? மடியில வெச்சு ரெண்டு கையாலயும் தடுமாறாமத் தூக்கி மாட்ட முடியிற எடை எம்புட்டு? கை நல்லா வேலை செய்யிற பக்கம் எது? இம்புட்டையும் ஒரு சீட்டுல எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கோ. கடைக்குப் போனா ஒன் பர்ஸை எடுக்கிறதுக்கு முன்ன அந்தச் சீட்டை எடு.

இப்ப பெட்டி மேல போட்டிருக்கானே '525 மடங்கு'ன்னு, அந்தக் கதையை முடிச்சிருவோம். மடங்குங்கிறது பெரிய கணக்கு ஒண்ணுமில்ல. கொழாயோட குவியத் தூரத்தை ஐபீஸோட குவியத் தூரத்தால வகுத்தா வந்திரும். சின்ன ஐபீஸா மாட்டிக்கிட்டே போனா ஆயிரம் மடங்குகூட வரும், கலங்கலாத் தெரியும். கண்ணாடி அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதுல ரெண்டு மடங்குதான் உருப்படியான எல்லை. 70 மி.மீ. கண்ணாடிக்கு 140. மீதி 385 மடங்கு அந்த அட்டைப் பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும். கலிலியோ 1610ல வியாழனைச் சுத்துற நாலு நெலாவையும் கண்டுபிடிச்சது இருபது மடங்கு கொழாயிலப்பா. இந்தப் பெட்டி அவருக்குக் கெடைச்சிருந்தா ஒண்ணையும் கண்டுபிடிச்சிருக்கமாட்டார்.

சரி, ஒன் ஆசைநாயகி டாப்சோனியனுக்கு வருவோம். கொறை சொல்ல மாட்டேன், அது நல்ல சாமான். அதை உண்டாக்கின ஜான் டாப்சன் சாமியாரு. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல நம்ம ராமகிருஷ்ணர் வழி வேதாந்த மடத்துல இருந்தவர். பழைய கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு ஆடி செஞ்சு, ஒட்டுப்பலகையில பெட்டி அடிச்சு, தெருவுல போறவாறவுகளுக்கு எல்லாம் நெலாவைக் காட்டினார். மடத்துல இருக்கிற நேரத்தை விட டெலஸ்கோப்புகிட்ட இருக்கிற நேரம் கூடிப்போச்சுன்னு 1967ல மடத்தை விட்டே அனுப்பிட்டாக. மறு வருசமே நடைபாதை வானியலார்னு ஒரு கூட்டம் கூட்டிட்டார். புண்ணியவான், ஏழையும் பெரிய கண்ணாடியில பாக்கட்டும்னு நெனச்சார். ஆனா எல்லாத்தையும் துறந்த சாமிக்கு ஒன் முழங்காலைப் பத்தி என்ன கவலை?

கணக்குப் பாரு. அந்த மாதிரிக் கொழாயில ஐபீஸ் மேல் நுனிக்குப் பக்கத்துல, பக்கவாட்டுல இருக்கும். கொழாய் சுழலுற அச்சுலேருந்து ஐபீஸ் 65 செ.மீ. தூரம்னு வெச்சுக்கோ. உச்சி வானத்தைப் பாக்கையில அது அச்சுக்கு மேல 65 செ.மீ. போயிரும். 30 டிகிரிக்கு எறக்கினா 32தான் மேல நிக்கும். ஆக ஒரு அடிக்கு மேல ஏறி எறங்குது. நீ சொவத்துல போட்ட கோடு ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு எடம் இருந்துச்சு? அதை இதுல கழிச்சுப் பாரு. நின்னு பாக்கிறவன் ஒரு மோடாவை இழுத்துப் போட்டு ஒக்காருவான், எந்திரிப்பான். நீ என்ன நாற்காலிக்கு ஜாக்கி வெக்கப் போறியா?

அது போக, அடியில வட்டப் பலகை கால் பலகையை முட்டும். எடை மொத்தமா 25 கிலோவுக்கு மேல. எல்லாத்தையும் விட ஒரு வெவகாரம் இருக்கு, அதைக் கடையில சொல்லமாட்டாக. இந்தக் கொழாய்க்கு அப்பப்ப ஆடியை நேர் பண்ணணும். திருகாணி அடி நுனியில இருக்கும், கண்ணு வெச்சுப் பாக்கிறது மேல் நுனியில. நாலு அடி நீளம். நீ மேல பாத்துக்கிட்டே கீழ திருகணும்னா தும்பிக்கை வேணும். பத்து இஞ்சு கண்ணாடி அஞ்சு இஞ்சை விட நாலு மடங்கு வெளிச்சம் பிடிக்கும், நெசந்தான். கண்ணுக்கு எட்டாத வெளிச்சம் நாலு மடங்கா இருந்தா என்ன, நானூறு மடங்கா இருந்தா என்ன?

இந்த மாதிரி நியூட்டன் கொழாய்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்னா (சும்மா பேச்சுக்குச் சொன்னேன், மொறைக்காதே) மேசை மேல வைக்கிற 130 மி.மீ. டாப்சோனியன் இருக்கு. எடை கொறைவு, நீளம் கொறைவு. ஆனா சாப்பாட்டு மேசை மேல வெச்சிராதே, உச்சியைப் பாக்கையில ஐபீஸ் ஒன் நெத்திக்கு மேல போயிரும். ஐம்பது செ.மீ. ஒசரத்துல கெட்டியான முக்காலி ஒண்ணு போட்டு அது மேல வை. நேருக்கு நேரா மோதாம, பக்கவாட்டுல நாற்காலியைக் கொண்டு போய் அணைச்சு நிறுத்து. கொழாயை வளையத்துல திருப்பி ஐபீஸை ஒன் பக்கமா வெச்சுக்க முடியிற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

ஒங்கம்மா ஆசைப்படுத மாதிரி, படத்துல வர்ற நீளமான லென்சு கொழாய் வாங்கலாமான்னா, அது நம்ம ஊரு ஏத்தம் மாதிரி. ஒரு நுனி மேல போனா மறு நுனி கெணத்துக்குள்ள எறங்கும். ஆகாசத்தைப் பாக்கணும்னா நீ தரையில தலையை வைக்கணும். 80 மி.மீ., 100 மி.மீ.ல குட்டையான லென்சு கொழாய் வருது, அதுன்னா பரவாயில்ல. நெலாவும் நட்சத்திரக் கூட்டமும் அருமையாத் தெரியும், தூக்கவும் லேசு.

ஒனக்குன்னு நான் கை காட்டுறது மக்சுட்டோவ், ஷ்மிட் காசெக்ரெய்ன்னு பேரு வெச்சிருக்கானே, அந்தக் கட்டைக் கொழாய்களை. பேரு வாய்க்குள்ள நொழையாது, சாமான் மடிக்குள்ள அடங்கும். உள்ளேயே வெளிச்சத்தை மடிச்சு அனுப்புறதால 1500 மி.மீ. குவியத் தூரம் ஒரு அடிச் சொச்சம் நீளத்துல சுருண்டு கெடக்கும். 127 மி.மீ. மக்சுட்டோவ் கொழாய் மூணரைக் கிலோ பக்கம் வரும். ஐபீஸ் பின்னால. அச்சுலேருந்து 25 செ.மீ. தூரம்னு வெச்சா, 30 டிகிரிக்கும் உச்சிக்கும் நடுவுல அது எறங்குறது 12, 13 செ.மீ.தான். அதுல கோணக் கண்ணாடி ஒண்ணு வரும். அதை இடமோ வலமோ திருப்பினா ஐபீஸ் ஒன் மூஞ்சியைப் பாத்துத் தானா வரும். ஆடியை நேர் பண்ற தொல்லையும் மக்சுட்டோவுக்கு அபூர்வம். கொறையும் சொல்லிருதேன். வெளிய கொண்டு வந்ததும் சூடு ஆற அரை மணி, முக்கா மணி ஆகும். வானத்துல ஒரு நேரத்துக்குத் தெரியிற எடம் கம்மி. முன் கண்ணாடியில பனி கோத்துக்கிடும். கார்த்திகை, மார்கழியில பனிக் கூண்டும் சூடு காட்டுற பட்டையும் இல்லாம அதை வெளிய எடுக்காதே.

இப்ப பட்டறைக்காரன் பெருமை கொஞ்சம் பேசிக்கிடுதேன். ஒக்காந்த எடத்துலேருந்தே வானம் பாக்கணும்ங்கிற எண்ணம் ஒனக்காகப் பொறந்ததில்ல. ரெண்டு காலும் நல்லா இருந்த ஆளுகளுக்குத்தான் மொதல்ல தோணுச்சு. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் நாஸ்மித், 1808ல பொறந்தவர், நீராவிச் சம்மட்டிக்கு 1842ல காப்புரிமை வாங்கினவர். லேத்துக்குப் பேர் போன ஹென்றி மாட்ஸ்லே பட்டறையில வேலை கத்த ஆளு. ஆக எங்க கூட்டம். அவருக்கு 20 இஞ்சு டெலஸ்கோப்புல ராத்திரி ராத்திரி ஏணியில ஏறி எறங்க மனசில்ல. கொழாயைத் தாங்குற அச்சையே துளை போட்டு, வெளிச்சத்தை மூணாவது கண்ணாடியால அந்தத் துளை வழியா வெளிய திருப்பி விட்டார். அச்சு எப்பவும் ஒரே ஒசரத்துலதான நிக்கும்? ஐபீஸும் அங்கேயே நின்னு போச்சு. சுழலுற மேடையில நாற்காலி போட்டு ஒக்காந்து, கையால சக்கரத்தைத் திருகித் திருகி வானம் பூராவும் பாத்தார். அப்பிடிப் பாத்துப் பாத்து நெலாவைப் படம் போட்டு, கார்ப்பென்டர்ங்கிறவரோட சேந்து 1874ல நெலாவைப் பத்தி ஒரு பொஸ்தகமே போட்டார். இன்னைக்கு ஹவாயில கெக், சிலியில வி.எல்.டி.ன்னு மலை மாதிரி நிக்கிற டெலஸ்கோப்புகள்ல எல்லாம் 'நாஸ்மித் குவியம்'னு ஒரு எடம் இருக்கு. பெரிய பெரிய கருவியை அங்கதான் மாட்டி வெக்காக. ஒருத்தர் சோம்பேறித்தனத்துக்குக் கெடைச்ச மரியாதையைப் பாத்தியா?

அடுத்தவர் ரசல் போர்ட்டர். அமெரிக்காவுல வெர்மான்ட்ல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊரு, லேத்து செய்யிற கம்பெனி ஊரு. அங்க வேலை பாத்துக்கிட்டே, பட்டறை ஆளுகளைக் கூட்டி வெச்சுக் கண்ணாடி தேய்க்கச் சொல்லிக் குடுத்தார். அவர் செஞ்ச ஸ்பிரிங்ஃபீல்டு மவுண்ட்ல, கொழாய் எங்க திரும்பினாலும் ஐபீஸ் மட்டும் இருந்த எடத்துலயே இருக்கும். நீ ஒக்காந்து கீழ் நோக்கிப் பாத்தாப் போதும். நாஸ்மித்தும் லேத்துக்காரர், போர்ட்டரும் லேத்துக்காரர். இனிமே பட்டறைக்காரனுக்கு வானத்துல என்ன வேலைன்னு கேக்காதே.

இன்னைக்கும் டெக்சாஸ்ல மெக்டொனால்டு வானாய்வகத்துல, சக்கர நாற்காலியில வர்றவுக ஒக்காந்தபடியே பாக்கத் தோதா ஒரு டெலஸ்கோப்பு வெச்சிருக்காக. மூட்டு மூட்டா மடங்குற கொழாயை ஐபீஸுக்கு முன்னால மாட்டி, அதை ஆளுகிட்டக் கொண்டு வர்ற ஏற்பாடும் சில ஆய்வகத்துல உண்டு. அதெல்லாம் பெரிய எடத்துச் சாமான், விலையும் பெரிசு. நமக்குக் கட்டைக் கொழாயும் கோணக் கண்ணாடியும் போதும்.

கொழாயைத் தாங்குற மவுண்ட்ல ஒன்னைய ஏமாத்த ஆளு காத்துக்கிட்டிருப்பான். துருவ அச்சு மவுண்டுதான் 'புரொபஷனல்'னு சொல்லுவான். அந்த அச்சை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கணும். நம்ம கோவில்பட்டியிலேருந்து பாத்தா அது அடிவானத்துக்கு மேல ஒம்பது டிகிரி. அதாவது அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால. ஐரோப்பாக்காரன் ஊருக்குன்னு செஞ்ச மவுண்டை ஒம்பது டிகிரிக்குச் சாய்ச்சா, எதிர் எடை போய் முக்காலிக் கால்ல இடிக்கிறதும் உண்டு. துருவத்தைப் பாக்க வெச்சிருக்கிற சின்னக் கொழாயோ கிட்டத்தட்டப் படுத்த மாதிரி நிக்கும், அதுல கண்ணு வைக்க நீ மவுண்டுக்கு நேர் பின்னால போகணும். வேண்டாம். மேல கீழ, இடம் வலம் மட்டும் திரும்புற சாதா மவுண்டு வாங்கு. காசு இருந்தா மோட்டார் வெச்சுத் தானாத் தேடுற 'கோ டூ' வாங்கு. நேரமும் ஊரும் சொல்லி, தெரிஞ்ச நட்சத்திரம் ரெண்டைக் காட்டிட்டா, பெறகு மடியில வெச்ச பொத்தானை அமுக்கினாப் போதும், அதுவே திரும்பும், அதுவே தொடர்ந்து போகும். கையால திருப்புறதா இருந்தா, நீளமான வளையுற கம்பி ரெண்டு வெச்ச மவுண்டாப் பாத்து எடு. அந்தக் கம்பி ஒன் கைக்கு எட்டுதான்னு கடையிலேயே ஒக்காந்து பாரு. 'ஒரே ஒரு நிமிசம் எந்திரிச்சுப் பாத்துக்கங்க சார்'னு சொல்ற கடைக்காரன் கெடைச்சான்னா எனக்குச் சொல்லு, நான் வந்து அவனை ஒரு மணி நேரம் ஒக்கார வெக்கேன்.

மூணு கால் ஸ்டாண்டு ஒனக்கு ஆகாது. காலை விரிச்சு நிக்கிறது அது. ஒன் கால் பலகை கிட்டப் போனா இடிக்கும், இடிச்சா அதுவரைக்கும் நேர் பண்ணினது எல்லாம் போச்சு. ஒத்தைத் தூண்தான் தோது. அதை நான் போட்டுத் தாரேன். ஆறு இஞ்சு இரும்புக் குழாய், உள்ளுக்குள்ள காஞ்ச மணலை நெறைச்சிட்டா அதிர்வு சட்டுனு அடங்கும். அடியில கான்கிரீட், சுத்தி நீ நாற்காலி ஓட்டுற தளத்தோட ஒட்டாம ஒரு விரல்கடை விட்டு. இல்லாட்டி நீ இருமினாக்கூட சனி கிரகம் குலுங்கும். தூணுக்குள்ள இன்னொரு குழாயைச் சொருகி, போல்ட்டுல ஏத்தி எறக்குற மாதிரி வெச்சுத் தாரேன். ஒசரம் எம்புட்டுன்னா, கொழாய் 50, 60 டிகிரியைப் பாக்கையில ஐபீஸ் ஒன் சொவத்துக் கோடு ரெண்டுக்கும் நடுவுல வரணும். அந்தச் சொவத்துக் கோடு இல்லாம என் வெல்டிங் மிசின் ஓடாது.

எடமும் பாக்கணும்ல. மொட்டை மாடின்னு சொன்னே. ஏறுறதுக்கு நாலு பேரு தூக்கணும், எறங்குறதுக்கு நாலு பேரு எழுந்திருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன் மச்சினன்மாரு எழுந்திருப்பானுகளா? ஏறிட்டாலும் கைப்பிடிச் சொவரு ஒன் மார்பு மட்டத்துக்கு நின்னு அடிவானத்தை மறைச்சிரும். நம்ம ஊருக்கு ரொம்ப விசேசமான சாமான் எல்லாம் தெக்க, தாழ்வாத்தான வரும்? தை, மாசியில அகத்தியர் நட்சத்திரம் 28 டிகிரிக்குத்தான் ஏறும். சித்திரை, வைகாசியில ஒமேகா சென்டாரின்னு லட்சக்கணக்கான நட்சத்திரம் திரண்டு கெடக்கிற கொத்து ஒண்ணு 33 டிகிரியில வரும். லண்டன்காரன் அதைப் பாக்கணும்னா விமானம் ஏறணும். நீ ஊரு உலர்களத்துக்குப் போனாப் போதும். சிமெண்டுத் தளம், மேடு பள்ளம் இல்ல, சுத்தி மரம் இல்ல. நாற்காலி முழுசாத் திரும்ப ஒண்ணரை மீட்டர் வட்டம் வேணும்; அங்க லாரியே திரும்பும். மண்ணுலயும் சரளையிலயும் முன் சக்கரம் புதைஞ்சு நின்னுக்கிடும், அதனால அந்தப் பக்கம் போகாதே. வீட்டு வாசல்ல சாய்தளம் போடச் சொன்னா, கொத்தனாருகிட்ட ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்னு சொல்லு. அவன் 'எதுக்கு சார் இம்புட்டு நீளம், எடம் வீண்'னு சொல்லுவான். சிமெண்டு மூட்டையை நாற்காலியில வெச்சு அவனையே ஒரு தடவை தள்ளச் சொல்லு.

துணைச் சாமான்னு கடையில ஒரு அலமாரியே அடுக்கி வெச்சிருப்பான். அதுல பாதி அவன் வாடகைக்கு, பாதிதான் ஒனக்கு. மொதல்ல, சிவப்புப் புள்ளி காட்டுற குறிபார்ப்பானைத் தொடாதே. உச்சியைப் பாக்கையில கொழாய்க்குப் பின்னால தாடையைக் கொண்டு வைக்கணும் அதுக்கு. கோணமா மடங்கி, படத்தை நேராக் காட்டுற பைண்டர் வாங்கு. போன் கேமராவாலயே வானத்தை அடையாளம் கண்டு வழி சொல்ற ஏற்பாடும் வந்திருக்கு, அது ஒனக்குப் பொருந்தும். ஐபீஸ் ஒரு பை நெறைய வேண்டாம். இருட்டுல மடியிலேருந்து ஒண்ணு உருண்டு விழுந்துச்சுன்னா அதைத் தேடுறதுக்குள்ள விடிஞ்சிரும். 8லேருந்து 24 மி.மீ. வரைக்கும் மாறுற ஜூம் ஐபீஸ் ஒண்ணு போதும். 1500 மி.மீ. கொழாய்க்கு அது 62 மடங்குலேருந்து 187 வரைக்கும் குடுக்கும். கண்ணாடி போடுறவன்னா, கண்ணு கொஞ்சம் தள்ளி நின்னாலும் தெரியிற ஐபீஸ், 15, 20 மி.மீ. தூரம் விடுறதாப் பாத்து வாங்கு.

நெத்தியில கட்டுற சிவப்பு லைட்டு அவசியம். கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும், எவனாவது டார்ச்சை அடிச்சா அந்த அரை மணியும் வீண். விளிம்பு வெச்ச மடிப் பலகை ஒண்ணு நான் செஞ்சு தாரேன், எதுவும் உருளாது. மின்சாரத்துக்கு 12 வோல்ட்டு பேட்டரி தனியா வாங்கு. ஒன் மோட்டார் நாற்காலி பேட்டரியில ஒயரைச் சொருகுறேன்னு கெளம்பாதே. சனியைப் பாத்த சந்தோசத்துல சார்ஜு தீந்து போச்சுன்னா, விடியக்காலம் ஒன்னையும் டெலஸ்கோப்பையும் சேத்துத் தள்ளிக்கிட்டு வர நான்தான் மாட்டுவேன். சூரியனைப் பாக்கணும்னா கொழாயோட முன் வாயை முழுசா மூடுற வடிகட்டிதான். ஐபீஸ்ல திருகுற சின்னதைக் கண்டா ஓடையில வீசு, சூட்டுல அது வெடிச்சா கண்ணு போயிரும். இதுல மட்டும் நான் கேலி பேசலை.

இன்னொண்ணு, ஒங்கம்மா இதைப் படிக்கட்டும்னே எழுதுதேன். ரசிச்சுப் பாக்கிறவன் அசையாம ஒக்காந்திருப்பான். கால்ல, இடுப்புல உணர்ச்சி கொறைஞ்ச ஆளுக்கு அது ஆபத்து, புண்ணு வந்திரும். கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊணி ஒடம்பைத் தூக்கி எறக்கு, போன்ல மணி அடிக்க வை. கால்ல கம்பளி போத்திக்கோ, களத்துல எறும்புப் புத்து இருக்கான்னு பாத்து நிறுத்து. கட்டெறும்பு கடிச்சது ஒனக்குத் தெரியாமப் போகலாம், எறும்புக்கு அது தெரியும்.

கடைசியா, கழுத்து திரும்பாது, கை நடுங்கும், கண்ணை ஐபீஸ்ல பொருத்தவே முடியாதுங்கிறவுகளுக்கும் வழி இருக்கு. சீஸ்டார் எஸ்50ன்னு 2023ல ஒண்ணு வந்துச்சு. 50 மி.மீ. லென்சு, மூணு கிலோவுக்குள்ள எடை. அதை வெளிய வெச்சிட்டு நீ வீட்டுக்குள்ள கெடந்தாக்கூட, பத்துப் பத்து செகண்டாப் படம் பிடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நெபுலாவைப் போன்லயே காட்டிரும். 'அது சினிமா, நேரா கண்ணால பாக்கிறதுதான் அசல்'னு வீராப்பு பேசுறவன் நாலு பேரு இருப்பான். காவலூர்ல 2.3 மீட்டர் டெலஸ்கோப்பு 1986லேருந்து நிக்கி. அதுல எந்த விஞ்ஞானி ஏணியில ஏறிக் கண்ணை வெச்சுப் பாக்காரு? எல்லாரும் அறைக்குள்ள ஒக்காந்து கம்ப்யூட்டர் திரையிலதான் பாக்காக. அவுக செஞ்சா ஆராய்ச்சி, நீ செஞ்சா சினிமாவாக்கும்? ஒரு சங்கதி மட்டும்: கிரகம் அதுல பொடிசாத்தான் தெரியும். சனியோட வளையத்துக்கும் வியாழன் பட்டைக்கும் கட்டைக் கொழாய்தான் ராசா.

தூண் போட்டதும் பாரு, சொந்தக்காரங்க எல்லாம் ஓடி வருவாக. வந்து நின்னுக்கிட்டு, 'என்ன மாப்ளே, இம்புட்டுத் தாழ்வா வெச்சிருக்கே, குனிய வேண்டியிருக்கே'ம்பாக. ஒசரத்தை ஒரு நூல்கூட ஏத்தாதே. பேங்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் போனா ஒனக்காக எவன் கவுண்டரை எறக்கினான்? கைகாலு நல்லா இருக்கிறவுக கொஞ்சம் குனியட்டும், ஒண்ணும் கொறைஞ்சு போயிரமாட்டாக. நம்ம சித்தப்பா ஒருத்தர் மாமியாரு வீட்டுலகூடத் தலை குனிஞ்சதில்ல, அவரு சனியைப் பாக்கக் குனியுறதை நான் பாக்கணும்.

இம்புட்டு அக்கறையா எழுதுதானே மாமன், பாசம் பொங்குதுன்னு நீ நெனச்சுக்கிடுவே. அதெல்லாம் இல்ல. எனக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, அரை மணி நின்னா மறு நாள் படுக்கை. ஒக்காந்து பாக்க அளவெடுத்துப் போட்ட டெலஸ்கோப்பு இந்தச் சுத்துப்பட்டுல ஒன்னோடதா மட்டுந்தான் இருக்கப் போகுது. பட்டறை நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வந்திருவேன். கோட்டு அளவைச் சீக்கிரம் அனுப்பு. அளவு எடுக்கையில என் கண்ணுக்கும் ரெண்டு விரல்கடை சேத்துக்கோ, நான் ஒன்னைய விடக் கொஞ்சம் ஒசரம்.